படிக்கும்போது பார்த்த வேலை: கனடா பி.ஆர். விண்ணப்பத்தில் எது செல்லும், எது செல்லாது

கனடாவில் முதுகலை படித்த இரண்டு ஆண்டுகளும் நான் துறையில் கற்பித்தல் உதவியாளராக வேலை பார்த்தேன். பட்டம் கைக்கு வந்த வாரமே நிரந்தர வசிப்புரிமைக்கு, அதாவது பி.ஆர்.க்கு, விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி தளத்தில் கணக்குத் தொடங்கி, பார்த்த வேலை அத்தனையையும் வரிசையாக உள்ளிட்டேன். கனடிய அனுபவப் பிரிவுக்குத் தகுதி உண்டு என்று திரை சொன்னது. அன்றிரவே வீட்டுக்குத் தொலைபேசியில் நல்ல சேதி சொல்லியாயிற்று. மறுநாள் விதிகளை நிதானமாகப் படித்தபோதுதான் அந்த ஒற்றை வரி கண்ணில் பட்டது: முழுநேர மாணவராக இருந்த காலத்தில் செய்த வேலை இந்தப் பிரிவில் கணக்கில் வராது. அம்மாவிடம் மறுபடி பேச எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அந்த வரியைப் படித்ததும் பலர் எல்லாம் வீண் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு வாசலில் செல்லாக்காசாக இருக்கும் அதே வேலை, பக்கத்து வாசலில் செல்லுபடியாகலாம். அதற்கு நிபந்தனைகள் உண்டு. அவற்றைப் படிப்பு முடிந்த பிறகு தெரிந்துகொண்டால் பாதி கை நழுவிப் போயிருக்கும். படிக்கும்போதே தெரிந்தால் சரிசெய்துகொள்ள வழியிருக்கிறது. புதிதாக வந்தவர்களுக்காகவே இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: எந்த வாசல் என்று முடிவு செய்யுங்கள்

2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி ஒரு தனித் திட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சில திட்டங்களுக்கான பொதுவான வரிசை. மாணவர்களுக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு. ஒன்று, கனடிய அனுபவப் பிரிவு, பேச்சுவழக்கில் சி.இ.சி. மற்றது, கூட்டாட்சித் திறன்மிகு பணியாளர் திட்டம், எஃப்.எஸ்.டபிள்யூ. என்பார்கள்.

சி.இ.சி. கேட்பது, விண்ணப்பத்துக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குள் கனடாவில் ஓராண்டுத் திறன் வேலை. தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே தொழிலாகவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று வகை வேலையை அது கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடும்: முழுநேரப் படிப்பின்போது செய்த வேலை, சுயதொழில், அனுமதியில்லாமல் செய்த வேலை. படிப்பின் அங்கமான கோ-ஆப் பருவ வேலையும் முதல் வகையில்தான் அடங்கும். பெரிய நிறுவனத்தில் எட்டு மாதம் முழுநேரமாக, முழுச் சம்பளத்தோடு, மற்ற பொறியாளர்களோடு தோளோடு தோள் நின்று வேலை பார்த்திருந்தாலும் சரி, அந்த எட்டு மாதம் சி.இ.சி.யில் பூஜ்யம். இதைக் கேட்டுப் பலருக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம்தான், ஆனால் விதி அதுதான்.

எஃப்.எஸ்.டபிள்யூ. வேறு மாதிரி. கடந்த 10 ஆண்டுகளுக்குள், உலகின் எந்த நாட்டிலும், ஓராண்டுத் திறன் வேலை இருந்தால் போதும். மாணவராக இருந்தபோது செய்த வேலையை இது ஏற்கிறது. ஆனால் அந்த வேலைக்குச் சம்பளமோ கமிஷனோ பெற்றிருக்க வேண்டும், இடைவெளியில்லாமல் தொடர்ந்திருக்க வேண்டும், விண்ணப்பத்தில் உங்கள் முதன்மைத் தொழில் என்று எதைக் காட்டுகிறீர்களோ அந்த ஒரே தொழிலில் அந்த ஓராண்டு நிறைய வேண்டும். சம்பளமில்லாப் பயிற்சிக்கும் தன்னார்வத் தொண்டுக்கும் இரண்டு வாசலிலும் இடமில்லை.

எஃப்.எஸ்.டபிள்யூ.வில் கூடுதலாகச் சில சுமைகள் இருக்கின்றன. 100க்கு 67 புள்ளி எடுத்தாக வேண்டும். மொழித்தேர்வின் நான்கு திறன்களிலும் சி.எல்.பி. எனப்படும் கனடிய மொழி அளவுகோலில் 7 வேண்டும்; ஐ.இ.எல்.டி.எஸ். கணக்கில் ஒவ்வொன்றிலும் 6.0. பல்கலைக்கழக அனுமதிக்காக எழுதிய அகாடமிக் தேர்வு இதற்குச் செல்லாது, ஜெனரல் டிரெய்னிங் எழுத வேண்டும். குடியேறிய பின் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும். கனடாவில் வேலை அனுமதியும் முறையான வேலை வாய்ப்புக் கடிதமும் சேர்ந்து இருப்பவர்களுக்கு மட்டும் அதில் விலக்கு. சி.இ.சி.யில் இந்தப் பணச் சான்று கிடையாது.

அந்த 67ஐ ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 28 வயது, முதுகலைப் பட்டம், ஓராண்டு வேலை, மொழியில் சரியாக சி.எல்.பி. 7. வயதுக்கு 12, படிப்புக்கு 23, அனுபவத்துக்கு 9, மொழிக்கு 16. கூட்டினால் 60. கனடாவில் இரண்டு கல்வியாண்டு முழுநேரம் படித்ததற்கு 5 சேர்த்தால் 65. இரண்டு புள்ளியில் வாசல் சாத்திவிடும்! இதே ஆள் நான்கு திறன்களிலும் சி.எல்.பி. 8 எடுத்தால் மொழிக்கு 20 ஆகி, மொத்தம் 69. ஆக, மாணவ வேலையை நம்பி இந்த வழியில் போகிறவர்களுக்கு மொழித்தேர்வுதான் கரையேற்றும் படகு. ஓராண்டு முதுகலை படித்தவர்களுக்கு அந்த 5 புள்ளி கிடைக்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் வேலையின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

என்.ஓ.சி. என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குத் தடையின்மைச் சான்றுதான் நினைவுக்கு வரும். இங்கே அது தேசியத் தொழில் வகைப்பாட்டின் சுருக்கம். ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. அதில் இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். அதுதான் 'டீர்' எனப்படும் நிலை. 0, 1, 2, 3 என்றால் திறன் வேலை. 4, 5 என்றால் இந்த இரண்டு திட்டங்களுக்கும் உதவாது. 2022 நவம்பர் 16 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி இந்த முறைக்கு மாறிவிட்டது. அதற்கு முன் இருந்த ஏ, பி, சி பிரிவுகளை வைத்து எழுதிய பழைய அறிவுரைகள் கண்ணில் பட்டால் கடந்து போய்விடுங்கள்.

மாணவர்கள் வழக்கமாகப் பார்க்கும் வேலைகளை இந்தச் சல்லடையில் போட்டால் பெரும்பாலானவை கீழே விழுந்துவிடுகின்றன. காசாளர் 65100, உணவகக் கவுண்டர் உதவியாளரும் சமையலறை உதவியாளரும் 65201. இவை டீர் 5. கடை விற்பனையாளர் 64100, பாதுகாவலர் 64410. இவை டீர் 4. சமையல்காரர் 63200 டீர் 3 என்பதால் சல்லடையில் நிற்கும். உணவுச் சேவை மேற்பார்வையாளர் 62020, கடை விற்பனை மேற்பார்வையாளர் 62010, கணக்குப் பதிவாளர் 12200 ஆகியவை டீர் 2. மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் செவிலிய உதவியாளராக இருப்பவர்களுக்கு 33102, டீர் 3.

பலர் கவனிக்காமல் விடும் எண் ஒன்று உண்டு: 41201. பல்கலைக்கழகக் கற்பித்தல் உதவியாளரும் ஆய்வு உதவியாளரும் இதில் வருவார்கள். இது டீர் 1. விடைத்தாள் திருத்துவதையும் ஆய்வகத்தில் இளநிலை மாணவர்களை மேய்ப்பதையும் நாம் பெரிய வேலையாக நினைப்பதில்லை, வகைப்பாடு நினைக்கிறது. கற்பித்தலும் ஆய்வும் ஒரே எண்ணில் இருப்பது இன்னும் வசதி, ஏனென்றால் இரண்டின் மணிக்கணக்கையும் கூட்டிக்கொள்ளலாம்.

எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது பதவியின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதிகாரி பார்ப்பது அந்த எண்ணின் கீழ் எழுதியிருக்கும் முதல் விளக்க வாக்கியத்தையும் முக்கியப் பணிகளின் பட்டியலையும். உங்கள் அன்றாட வேலை அவற்றில் கணிசமான பகுதியோடு பொருந்த வேண்டும். அட்டையில் 'மேலாளர்' என்று போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கல்லாவில் நின்றால் அது 65100தான். எதிர்த்திசையிலும் இது உண்மை: கடை உரிமையாளர் உங்களை 'உதவியாள்' என்றே கூப்பிட்டாலும், பணி அட்டவணை போடுவதும் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் சரக்குக்கு ஆர்டர் கொடுப்பதும் நீங்கள்தான் என்றால் நீங்கள் மேற்பார்வையாளர்.

மூன்றாம் படி: மணிகளை எண்ணுங்கள்

ஓராண்டு என்பது 1,560 மணி நேரம். வாரம் 30 மணி, 52 வாரம். பகுதிநேரமாகச் சேர்த்தாலும் ஏற்கிறார்கள்: வாரம் 15 மணி என்றால் 104 வாரம், 20 மணி என்றால் 78 வாரம், 24 மணி என்றால் 65 வாரம். வாரம் 45 மணி உழைத்தாலும் கணக்கில் 30தான் சேரும். விடுமுறையில் மாடாக உழைத்துச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற திட்டம் பலிக்காது.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பர் 4 அன்று அவர் முதுகலை தொடங்குகிறார். வாரம் 10 மணி கற்பித்தல் உதவி, 10 மணி பேராசிரியரிடம் ஆய்வு உதவி. நிற்காமல் போனால் 78 வாரம் 2025 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. பட்டம் வாங்கும் முன்பே எஃப்.எஸ்.டபிள்யூ.வின் ஓராண்டு நிறைந்துவிடும். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கற்பித்தல் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, பிறகு ஜனவரி முதல் ஏப்ரல் வரை என்று நான்கு நான்கு மாதமாகத்தான் வரும். மே முதல் ஆகஸ்ட் வரை கோடை. அந்த நான்கு மாதம் கையில் ஒப்பந்தமே இல்லையென்றால் தொடர்ச்சி அறுந்துவிடும். செப்டம்பரில் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். கோடையில் ஆய்வு உதவியை வாரம் ஐந்து மணியாவது தொடர முடியுமா என்று பிப்ரவரியிலேயே பேராசிரியரிடம் கேட்டு வைப்பதில்தான் இந்த வழியின் சூட்சுமமே இருக்கிறது. மணி குறைந்தால் முடிவுத் தேதி தள்ளிப்போகும்; அறுந்தால் எல்லாம் போகும்.

இங்கே நான் செய்த தவறு அதுதான். முதல் கோடையில் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். கல்யாணம், கோவில், சொந்தக்காரர்கள் என்று மூன்று மாதம். வருத்தமில்லை, ஆனால் என் கணக்கு அங்கே உடைந்தது.

நியாயமான அளவு விடுப்பு தொடர்ச்சியைக் கெடுக்காது. ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பு எடுத்தவரை யாரும் குறை சொல்லப்போவதில்லை.

எண்ணுவதற்கு ஒரு விரிதாள் போதும். வாரத்துக்கு ஒரு வரி: வாரம் தொடங்கிய தேதி, வேலை பார்த்த இடம், என்.ஓ.சி. எண், மணி, சம்பளச் சீட்டு இருக்கிறதா இல்லையா, அந்த வாரம் பாடப் பருவமா விடுமுறையா. கடைசி நெடுவரிசை எதற்கு என்றால் அடுத்த படிக்கு அது தேவைப்படும்.

நான்காம் படி: அனுமதியின் எல்லைக்குள் இருந்தீர்களா

வளாகத்துக்குள் வேலை என்றால் மணிக்கு வரம்பில்லை. வளாகத்துக்கு வெளியே என்றால் பாடப் பருவத்தில் வரம்பு உண்டு, அது அடிக்கடி மாறியும் வந்திருக்கிறது. 2022 நவம்பர் நடுப்பகுதி வரை வாரம் 20 மணி. 2022 நவம்பர் 15 முதல் 2024 ஏப்ரல் 30 வரை தகுதியுள்ள மாணவர்களுக்குத் தற்காலிகமாக அந்த வரம்பை நீக்கியிருந்தார்கள். அது முடிந்ததும் மீண்டும் 20. 2024 நவம்பர் 8 முதல் 24. கல்வி நாட்காட்டியில் குறித்த விடுமுறைகளில் முழுநேரம் பார்க்கலாம். உங்கள் விரிதாளில் ஒவ்வொரு வாரத்தையும் அந்தந்தக் காலத்து வரம்போடு ஒப்பிடுங்கள். இன்றைய வரம்பைப் பழைய வாரங்களின் மேல் போட்டுப் பார்ப்பது வழக்கமாக நடக்கும் பிழை.

வரம்பை மீறிய வேலை, படிப்பு அனுமதியின் நிபந்தனையை மீறியதாகும். அதைச் சேர்த்து எண்ணினால் புள்ளி கூடாது, கேள்விகள்தான் கூடும். கையில் ரொக்கமாக வாங்கிய வேலையும் அப்படியே. 'யாருக்குத் தெரியப்போகிறது' என்று கடை முதலாளி சொல்வார். அவர் விண்ணப்பிக்கப்போவதில்லையே! கோ-ஆப் பருவத்துக்கு எந்த அனுமதியில் வேலை பார்த்தீர்களோ அந்தத் தாளின் நகலையும் பத்திரப்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: சம்பளம் வந்தது என்று காட்டுங்கள்

ஆய்வு மாணவர்கள் பலர் இடறுவது இங்கேதான். துறையிலிருந்து மாதாமாதம் பணம் வரும். அது சம்பளமா, உதவித்தொகையா? பிப்ரவரி மாதம் வரிப் படிவம் வரும்போது விடை தெரியும். டி4 படிவத்தின் 14ஆம் பெட்டியில் தொகை இருந்தால் அது வேலை வருமானம். டி4ஏ படிவத்தின் 105ஆம் பெட்டியில் இருந்தால் அது கல்வி உதவித்தொகை. பலருக்கு இரண்டும் வரும்: கற்பித்தலுக்கு டி4, ஆய்வுக்கு டி4ஏ. எஃப்.எஸ்.டபிள்யூ. கேட்பது சம்பளம் அல்லது கமிஷன். ஆய்வகத்தில் வாரம் 40 மணி கிடந்திருந்தாலும், பணம் முழுதும் 105ஆம் பெட்டியில் வந்திருந்தால் அதை வேலை என்று நிறுவுவது கடினம். அந்த மணிகளை நம்பித் திட்டம் போடாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. பேராசிரியரிடம் நிதி எந்தக் கணக்கில் வருகிறது என்று தொடக்கத்திலேயே கேட்பதில் தவறில்லை. சிலர் ஒரு பகுதியை முறையான ஆய்வு உதவியாளர் ஒப்பந்தமாக மாற்றித் தருவார்கள்.

ஆறாம் படி: கடிதத்தை அங்கே இருக்கும்போதே வாங்குங்கள்

எக்ஸ்பிரஸ் என்ட்ரி வரிசையிலிருந்து உங்களைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாளில் முழு விண்ணப்பத்தையும் சமர்ப்பிக்க வேண்டும். அந்த 60 நாளில் மூன்று ஆண்டுக்கு முன் வேலை பார்த்த உணவகத்தின் பழைய மேலாளரைத் தேடி அலைவது எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவர் வேறு மாகாணத்துக்குப் போயிருப்பார். கடை கைமாறியிருக்கும். ஆகவே வேலையை விடும் வாரத்திலேயே கடிதம் வாங்கிவிடுங்கள். ஒப்பந்தம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்றால் நான்கு மாதத்துக்கு ஒரு கடிதம்.

மேலாளர்கள் தானாக எழுதித் தரும் கடிதம் பொதுவாக இப்படி இருக்கும்: 'இவர் எங்களிடம் இரண்டு ஆண்டுகள் நேர்மையாகவும் சுறுசுறுப்பாகவும் பணியாற்றினார். எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.' அன்பான கடிதம்தான். ஆனால் அதிகாரிக்கு இதில் ஒன்றுமே இல்லை. அவருக்கு வேண்டியது இந்த மாதிரி:

'இவர் 2023 செப்டம்பர் 4 முதல் 2024 மே 12 வரை கவுண்டர் உதவியாளராக வாரம் 16 மணியும், 2024 மே 13 முதல் இன்று வரை மேற்பார்வையாளராக வாரம் 20 மணியும் பணியாற்றுகிறார். மேற்பார்வையாளராக இவர் ஆறு பணியாளர்களின் வார அட்டவணையைத் தயாரிக்கிறார், புதியவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறார், சரக்கிருப்பைக் கணக்கிட்டு ஆர்டர் கொடுக்கிறார், வாடிக்கையாளர் புகார்களைத் தீர்க்கிறார்.'

இரண்டு பதவிகளையும் தேதி போட்டுப் பிரித்திருப்பதைப் பாருங்கள். முதல் எட்டு மாதம் டீர் 5, கணக்கில் வராது. பதவி உயர்ந்த நாளிலிருந்து டீர் 2. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து எழுதியிருந்தால் அதிகாரி முழுவதையும் தள்ளிவிட வாய்ப்பிருக்கிறது. இவற்றோடு ஆண்டுச் சம்பளமும் சலுகைகளும் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சலோடு, கையொப்பமிட்டவரின் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பணிகளை வகைப்பாட்டுத் தளத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஒட்டாதீர்கள். ஆயிரக்கணக்கான கடிதம் படிக்கும் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். நீங்கள் உண்மையில் செய்த வேலையை உங்கள் கடையின் வார்த்தைகளில் சொல்லுங்கள். எண்ணோடு பொருந்துவது தானாகவே தெரியும். மேலாளருக்கு எழுத நேரமில்லை என்றால் நீங்களே வரைவு எழுதிக் கொடுக்கலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதில் இருப்பது அத்தனையும் அவர் ஒப்புக்கொள்ளும் உண்மையாக இருக்க வேண்டும். சரிபார்க்கத் தொலைபேசி அழைப்பு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

கடிதத்தோடு சம்பளச் சீட்டுகள், டி4, ஒப்பந்தங்கள் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். பல்கலைக்கழகத்தின் சம்பளத் தளத்தில் எல்லாம் இருக்கிறதே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். படிப்பு முடிந்து சில மாதத்தில் கடவுச்சொல் வேலை செய்யாமல் போகும். இருக்கும்போதே தரவிறக்கம் செய்துகொள்ளுங்கள்.

ஏழாம் படி: படிவத்தில் எங்கே எழுதுவது

என்னை அந்த முதல் இரவில் ஏமாற்றியது இதுதான். எக்ஸ்பிரஸ் என்ட்ரி படிவம் நீங்கள் தட்டச்சு செய்வதை அப்படியே நம்பிக் கூட்டிச் சொல்லும். நீங்கள் அப்போது மாணவராக இருந்தீர்களா என்று அது ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பவர் பின்னால் வரும் அதிகாரி. படிப்பின் தொடக்க, முடிவுத் தேதிகள் ஒரு பக்கம், வேலைத் தேதிகள் மறுபக்கம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், சி.இ.சி.யில் வந்த அழைப்பு நிராகரிப்பில் முடியும்.

ஆகவே கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும். மாணவ வேலையைக் கழித்துவிட்டு சி.இ.சி.க்குத் தகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், மாணவ வேலையைச் சேர்த்து எஃப்.எஸ்.டபிள்யூ.க்குத் தகுதி வருகிறதா என்று பாருங்கள். அப்படி விண்ணப்பிக்கிறவர்கள் ஒரு பக்க விளக்கக் கடிதம் வைப்பது நல்லது: இந்த வேலை படிப்புக் காலத்தில் செய்தது, எஃப்.எஸ்.டபிள்யூ.க்காக மட்டும் காட்டுகிறேன், இத்தனை வாரம், இத்தனை மணி, இடைவெளி இல்லை, சான்றுகள் இவை.

கணக்கில் வராத வேலையை மறைக்கவும் கூடாது. தனிப்பட்ட வரலாறு என்ற பகுதியில் கடந்த 10 ஆண்டில் செய்தது எல்லாம் இடைவெளியின்றி வர வேண்டும்; பீட்சா கடையில் பாத்திரம் கழுவியதும் வர வேண்டும். அது புள்ளி தராது, ஆனால் விட்டுவிட்டால் தகவலை மறைத்தீர்கள் என்ற பேச்சு எழும். தவறான தகவல் தந்ததாக முடிவானால் 5 ஆண்டுத் தடை. ஒரு கடை வேலையை எழுதக் கூச்சப்பட்டு வாங்கிக்கொள்ளும் விலை இல்லை அது.

எட்டாம் படி: படிப்பு முடிந்த நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

சி.இ.சி. கடிகாரம் ஓடத் தொடங்குவது முழுநேரப் படிப்பு முடிந்த பிறகுதான். பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருக்க வேண்டாம். படிப்பை நிறைவு செய்தார் என்று கல்வி நிறுவனம் தரும் கடிதமோ இறுதி மதிப்பெண் பட்டியலோ போதும். அது கைக்கு வந்ததும் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதிக்கு, அதாவது பி.ஜி.டபிள்யூ.பி.க்கு, உடனே விண்ணப்பியுங்கள். 180 நாள் அவகாசம் உண்டு என்று ஆறப்போடாதீர்கள். படிப்பு அனுமதி செல்லுபடியாகும்போதே விண்ணப்பித்து, படிக்கும்போது வேலை வரம்பை மீறாமலும் இருந்தவர்கள், முடிவு வரும்வரை முழுநேரம் வேலை பார்க்கலாம். அந்த வாரங்களும் சி.இ.சி.யில் சேரும். படிப்பு முடிந்ததற்கும் விண்ணப்பித்ததற்கும் இடைப்பட்ட நாட்களில் வேலைக்குப் போனால்தான் சிக்கல். கடிதம் ஏப்ரல் 30 அன்று வந்து, மே 12 அன்று விண்ணப்பித்தால், கணக்கை மே 12 முதல் தொடங்குங்கள். விண்ணப்பித்த ரசீதை அச்சிட்டு வையுங்கள்.

வேலை அனுமதி வந்த பிறகு இன்னொரு பட்டயப் படிப்பில் முழுநேரமாகச் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். சேர்ந்த நாளிலிருந்து, வேலை முழுநேரமாகவே தொடர்ந்தாலும், அந்த மாதங்கள் சி.இ.சி.யிலிருந்து கழன்றுவிடும். மாலை நேரத்தில் பகுதிநேரமாகப் படித்தால் பாதிப்பில்லை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் உடலால் கனடாவில் இருந்து, கனடிய நிறுவனத்துக்காக வேலை பார்த்திருக்க வேண்டும். இங்கே அமர்ந்து சென்னை அலுவலகத்துக்கு மென்பொருள் எழுதுவது இந்தப் பிரிவில் சேராது.

வேறு நாட்டில் படித்தவர்களுக்கு

அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ படித்தபோது வேலை பார்த்துவிட்டுக் கனடாவுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கும் எஃப்.எஸ்.டபிள்யூ. விதி இதேதான். ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள் பலர் பல்கலைக்கழகப் பணியாளராக ஒப்பந்தத்தில் இருப்பார்கள். வாரம் 26 மணி ஒப்பந்தம் என்றால் 60 வாரத்தில் 1,560 மணி நிறையும். பிரிட்டனில் அரசு ஆய்வு நிதியில் முனைவர் படிப்பு படிப்பவர்களுக்கு வருவது வரியில்லா உதவித்தொகை. அதைச் சம்பளம் என்று சொல்ல முடியாது. ஒரே மாதிரி ஆய்வகம், ஒரே மாதிரி இரவுகள், ஆனால் தாளில் எழுதியிருப்பது வேறு. அமெரிக்காவில் ஓ.பி.டி., அதாவது மாணவர் விசாவில் படிப்போடு தொடர்புள்ள வேலை பார்க்கும் அனுமதி, அந்தக் காலத்து வேலை பட்டத்துக்குப் பிந்தையது என்றால் அது மாணவ வேலை என்ற சிக்கலுக்கே வராது. பட்டத்துக்கு முந்தைய வளாக வேலைக்கு டபிள்யூ-2 படிவமும், பிரிட்டன் வேலைக்கு பி60யும் எடுத்து வையுங்கள்.

இந்த வெளிநாட்டு அனுபவத்துக்குத் தரவரிசைப் புள்ளியும் உண்டு. இது அந்த 67 கணக்கு அல்ல, வரிசையில் யார் முன்னால் என்று தீர்மானிக்கும் வேறு கணக்கு. மொழியில் சி.எல்.பி. 9 இருந்தால் ஓரிரு ஆண்டுக்கு 25, மூன்றாண்டும் அதற்கு மேலும் 50. சி.எல்.பி. 7 அல்லது 8 என்றால் அதில் ஏறத்தாழப் பாதிதான்.

எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். எஃப்.எஸ்.டபிள்யூ. தகுதி உங்களை வரிசைக்குள் நிறுத்தும், அழைப்பை உறுதி செய்யாது. 2023 முதல் குறிப்பிட்ட தொழில்களுக்கும் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கும் தனி அழைப்புச் சுற்றுகள் நடக்கின்றன; சி.இ.சி.க்கென்று தனிச் சுற்றுகளும் உண்டு. மாணவ வேலையால் எஃப்.எஸ்.டபிள்யூ. வழியே உள்ளே நுழைந்து நின்றுகொண்டு, படிப்புக்குப் பின் ஓராண்டு வேலை பார்த்து சி.இ.சி. தகுதியையும் சேர்த்துக்கொள்வதுதான் நான் பார்த்தவரை நிதானமான வழி. கியூபெக்கில் குடியேற நினைப்பவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அந்த மாகாணத்துக்குத் தனித் தேர்வு முறை.

காசு கொடுத்து ஆலோசகரிடம் போவதானால், ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பான கனடாவின் குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் அவர் பெயரை முதலில் தேடுங்கள். பெயர் இருந்தால், போகும்போது உங்கள் விரிதாளைக் கொண்டு போங்கள். 'கோ-ஆப் மாதங்களையும் சி.இ.சி.யில் சேர்த்துக் காட்டிவிடலாம், கண்டுபிடிக்க மாட்டார்கள்' என்று அவர் சொன்னால், காப்பியைக் குடித்து முடிக்காமலே எழுந்து வந்துவிடலாம்.